மதுரைப் புறநகரில் போர்த் தண்ணீருக்குப் பாக்டீரியா பரிசோதனை: புதிதாகக் குடிவருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒத்தக்கடை, கருப்பாயூரணி, ஊமச்சிகுளம், நாகமலைப் புதுக்கோட்டை என மதுரையைச் சுற்றி எல்லாத் திசையிலும் புது மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. அவற்றில் பல தெருக்களில் இன்னும் மாநகராட்சிக் குழாய் வரவில்லை. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினாலும், பல் துலக்குவதும் காய்கறி அலசுவதும் பாத்திரம் கழுவுவதும் போர்த் தண்ணீரில்தான் நடக்கின்றன. அந்தத் தண்ணீரில் நோய்க் கிருமி இருக்கிறதா என்று முறையாகத் தெரிந்துகொள்ள முயன்றபோது, எங்கே கேட்பது, எதில் பிடிப்பது, எவ்வளவு நேரத்துக்குள் கொடுப்பது என்பதைச் சேர்த்துச் சொல்ல ஆளில்லாமல் நான் அலைந்தேன். ஒரு தனியார் ஆய்வகத்தின் ஆள் பழைய மினரல் வாட்டர் புட்டியில் தண்ணீர் பிடித்துப் போனார். 'குடிக்கத் தகுதியற்றது' என்று அறிக்கை வந்தது. கெட்டது தண்ணீரா புட்டியா என்பதை அந்த அறிக்கையை வைத்துச் சொல்லவே முடியவில்லை, கொடுத்த பணமும் திரும்பவில்லை. அப்படி ஒரு தாள் உங்கள் கைக்கும் வந்து சேர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள்

வீட்டுக்கு வந்து டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டும் விற்பனையாளர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மட்டுமே அளக்கும். 200 என்று காட்டும் இனிப்பான தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கலாம், 1,500 என்று காட்டும் உப்புத் தண்ணீரில் ஒரு கிருமிகூட இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை என்பதும் சான்றாகாது. ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தண்ணீர் கலங்க வேண்டுமானால் அவை கோடிக்கணக்கில் சேர வேண்டும்.

எல்லாப் பாக்டீரியாவும் கெடுதியா என்பது பலரும் கேட்கும் கேள்வி. கெடுதி செய்பவை மிகச் சிலவே. மண்ணிலும் தண்ணீரிலும் நம் குடலிலும் வாழ்பவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. காலரா, டைபாய்டு போன்றவற்றின் கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது கடினம், செலவும் அதிகம். ஆகவே, மனிதர்கள், கால்நடைகளின் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை தண்ணீரில் இருக்கிறதா என்று ஆய்வகங்கள் பார்க்கின்றன. அது இருந்தால் மலக்கழிவு எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். கழிவு வந்த வழியில் நோய்க் கிருமியும் வரலாம்.

இவை பெருகும் விதம் எளிமையானது. ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும். தேவையான உணவும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகம் குறையாமல் போனால் ஒற்றைச் செல் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். மார்கழியில் விடிய விடியப் பொங்காத இட்லி மாவு சித்திரையில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடுவதும் இந்தக் கணக்கில்தான். சுத்தமான நிலத்தடி நீரில் அவற்றுக்கு உணவு குறைவு என்பதால், அங்கே ஈ.கோலை பெருகுவதைவிட மெல்ல மடிவதே வழக்கம். பெருகுவதானாலும் மடிவதானாலும், நீங்கள் புட்டியில் பிடித்த பிறகும் அவற்றின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். இனி வரும் நிபந்தனைகள் பலவும் இதை ஒட்டியே விதிக்கப்பட்டவை.

2. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்

கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மூன்று சென்ட் மனை என்பது 1,307 சதுர அடிதான். அதற்குள் வீடும் கட்டி, போரும் போட்டு, செப்டிக் டேங்கும் வைத்தால் 60 அடிக்கு இடமேது? உங்கள் மனையில் இடைவெளி இருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போரை ஒட்டி இருக்கலாம். அண்டை வீட்டாரிடம் தயங்காமல் கேட்டு, நாடாவால் அளந்து, ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

மதுரைப் பகுதியின் அடித்தரை கடும்பாறை. மணலில் இறங்கும் கழிவுநீர் மெல்லக் கசிந்து ஓரளவு வடிகட்டப்படும். பாறை வெடிப்பில் இறங்கினால் வடிகட்ட ஒன்றுமில்லை, வெகு தூரம் விரைவாகப் போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகி நிலத்தடி நீர்மட்டம் உயரும் மாதங்களில் செப்டிக் டேங்கின் அடிமட்டம் வரைக்கும் தண்ணீர் ஏறிவிடுவதும் உண்டு. கண்மாயை ஒட்டிய மனையில் குடியேறுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

போர்க் குழாயின் வாய் தரைக்கு மேல் ஓரடியாவது நிற்கிறதா, மூடி இறுக்கமாக இருக்கிறதா, சுற்றிலும் சிமெண்ட் மேடை இருக்கிறதா, சம்பின் மூடியருகே வாசல் கழுவிய தண்ணீர் வழிகிறதா என்பதையும் பாருங்கள். இவற்றில் பழுது கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பரிசோதனைக்குப் போவதே சிக்கனம்.

3. ஆய்வகம், கட்டணம், காகிதங்கள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களை நடத்துகிறது. மதுரையிலும் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் 2021 முதல் இத்தகைய கூடங்கள் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்கும் பரிசோதனை செய்து தர வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். உங்கள் வீடு கிராம ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்களா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பெட்டியோடு வரும் சிறு குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், கழிவுக் கிருமி இருக்கும்போது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது கறுக்கும். இது முதற்கட்டச் சல்லடை மட்டுமே. கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் ஆய்வக அறிக்கைக்கு மாற்றாகாது.

தனியாரிடம் போவதானால், அந்த ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீரின் பாக்டீரியா பரிசோதனை அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். இரசாயனப் பிரிவுக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் தனித்தனி. நான் விசாரித்த தனியார் இடங்களில், பாக்டீரியாவுக்கு மட்டும் ஒரு புட்டிக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை கேட்டார்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்தால் அதற்கும் தனிக் கட்டணம். 'முழுப் பரிசோதனை' என்று சொல்லும் தொகுப்பில் பாக்டீரியா சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல தொகுப்புகளில் அது இருப்பதில்லை.

காகித வேலை அதிகமில்லை. பெயர், முகவரி, கைபேசி எண், தண்ணீரின் வகை, போரின் ஆழம், மாதிரி எடுத்த இடம், தேதி, நேரம், கடைசியாகக் குளோரின் போட்ட நாள், தேவைப்படும் பரிசோதனைகள் ஆகியவற்றை எழுதிய கோரிக்கைக் கடிதம் இரண்டு பிரதிகள் போதும். ஒன்றில் பெற்றுக்கொண்ட நேரத்தை எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். ஆதார் நகல் ஒன்றையும் கையில் வைத்திருங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.

4. நாளைக் குறித்த பிறகே குழாயைத் திறங்கள்

மாதிரி எடுத்த 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் வேலை தொடங்கிவிடுவது நல்லது. குளிரில் வைத்திருந்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்பதால், முதற்கட்டத்துக்கே 24 முதல் 48 மணி நேரமும், உறுதிசெய்ய மேலும் ஓரிரு நாட்களும் ஆகும். இடையில் விடுமுறை வந்தால் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைப் பார்க்க ஆளிருக்காது. அதனால் பல ஆய்வகங்கள் வியாழனுக்குப் பிறகு பாக்டீரியா மாதிரியை வாங்குவதில்லை. திங்கள் அல்லது செவ்வாய்க் காலை பொருத்தமானது. முந்தைய வாரமே தொலைபேசியில் பேசி, எந்த நேரம் வரை வாங்குவார்கள் என்று கேட்டு, கிருமி நீக்கிய புட்டியை ஆய்வகத்திலிருந்தே பெற்று வாருங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் ஊருக்குள் பேருந்துகள் சுற்றிப் போகும், ஆறு மணி நேரக் கணக்கு தவறிவிடும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

5. மாதிரி எடுப்பது

பரிசோதனையின் தரத்தைத் தீர்மானிப்பது இந்தக் கட்டம்தான். ஒன்றுக்கு இரண்டு புட்டிகளாக வாங்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒன்றில் போர்த் தண்ணீரை, அது தொட்டிக்குப் போகும் முன்பே பிடியுங்கள். மற்றொன்றில் சமையலறைக் குழாயில் பிடியுங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால், கோளாறு சம்பிலோ மாடித் தொட்டியிலோ குழாயிலோ இருக்கிறது. இரண்டும் கெட்டிருந்தால் நிலத்தடி நீரையே சந்தேகிக்க வேண்டும். ஒரே புட்டியோடு நிறுத்தினால் செலவு பாதியாகும். ஆனால் எதைச் சரிசெய்வது என்று தெரியாமல், தொட்டி கழுவுவதற்கும் போர் சுத்தம் செய்வதற்கும் அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டிவரும்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயின் முனையில் ரப்பர் குழாய், வலைமூடி, துணி வடிகட்டி எது மாட்டியிருந்தாலும் கழற்றிவிடுங்கள். அந்த வலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வழுவழுப்பாக ஒரு படலம் ஒட்டும். பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காக வாழும் குடியிருப்பு அது. அதைக் கழற்றாமல் பிடித்தால் குழாய் முனையின் அறிக்கைதான் கிடைக்கும், தண்ணீரின் அறிக்கை கிடைக்காது. உலோகக் குழாயானால் முனையை முதலில் துடைத்து உலர்த்தி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கம்பியில் சுற்றிப் பற்றவைத்து, சுடரை முனையின் உள்ளும் வெளியும் காட்டுங்கள். ஸ்பிரிட் புட்டி அருகில் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாய்க்குச் சுடர் ஆகாது, ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும்.

அடுத்து, குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். போர்த் தண்ணீரானால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். புட்டியை அலசக் கூடாது. உள்ளே வெள்ளையாகச் சிறிது தூளோ ஓரிரு துளி நீரோ தெரிந்தால் கொட்டிவிடாதீர்கள். அது சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தால் ஆய்வகம் போகும் வழியெல்லாம் அது கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும், கெட்ட தண்ணீருக்கும் நல்ல அறிக்கை வந்துவிடும். அதைத் தடுக்கவே இந்த உப்பைப் போடுகிறார்கள். மூடியைக் கீழே வைக்காமல் விரல்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு, புட்டியின் வாயையோ மூடியின் உட்புறத்தையோ தொடாமல், கழுத்துக்குக் கீழே ஓரங்குலம் வெற்றிடம் விட்டு நிரப்பி உடனே மூடுங்கள். பிடிக்கும்போது பேசவோ இருமவோ வேண்டாம்.

பெயர், இடம், தேதி, நேரம் எழுதிய சீட்டை ஒட்டி, புட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் புட்டி முழுகக் கூடாது. குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, அதன் இயக்கத்தை மந்தமாக்குகிறது. வீட்டு பிரிட்ஜிலும் நடப்பது இதுவே. மே மாதத்தில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் ஐஸ் இல்லாமல் ஒரு மணி நேரம் கொண்டுபோன புட்டியைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

6. அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று மொத்தக் கோலிபார்ம் (ஈ.கோலையும் சேர்ந்த ஒரு பாக்டீரியாக் குடும்பம்), மற்றொன்று ஈ.கோலை அல்லது வெப்பம் தாங்கும் கோலிபார்ம். ஐ.எஸ். 10500 என்ற 2012ஆம் ஆண்டுத் தர நிர்ணயப்படி, குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு இவை இரண்டுமே தென்படக் கூடாது. எண்ணுக்கு அருகில் எம்.பி.என். என்று இருந்தால், அது ஒவ்வொன்றாக எண்ணிய தொகையல்ல, எத்தனை சோதனைக் குழாய்களில் வளர்ச்சி தெரிந்தது என்பதிலிருந்து கணித்த மதிப்பீடு. ஆகவே 7க்கும் 11க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதுபடுத்த வேண்டாம். '2க்குக் குறைவு' என்று வந்தால் எந்தக் குழாயிலும் வளரவில்லை என்று பொருள், கலங்காதீர்கள்.

கோலிபார்ம் குடும்பத்தில் மண்ணிலும் இலைதழையிலும் வாழ்பவையும் உண்டு. மொத்தக் கோலிபார்ம் மட்டும் இருந்து ஈ.கோலை இல்லையென்றால், மூடி, மேடை, தொட்டி ஆகியவற்றைச் சரிசெய்து மீண்டும் பரிசோதிக்கலாம். ஈ.கோலை வந்துவிட்டால் எண் சிறியதாயினும் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள்.

பிளஷ் டேங்கிலும் வாளியிலும் செந்நிறச் சளி படிவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அது பெரும்பாலும் தண்ணீரிலுள்ள இரும்பைக் கொண்டு வாழும் பாக்டீரியாவின் வேலை. குழாயை அடைக்கும், நோய் தராது. அழுகிய முட்டை வாடையும் அதுபோல, சல்பேட்டைச் சிதைத்து வாழும் வேறொரு வகையால் வரக்கூடியது. இவை இருப்பதோ இல்லாததோ ஈ.கோலை பற்றி எதையும் சொல்லாது.

7. பிளீச்சிங் பவுடர் போடுவது

முதலில் தொட்டியையும் சம்பையும் காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பசைப் படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் எளிதில் எட்டாது. தேய்க்காமல் ஊற்றும் குளோரின் பாதி வீண்.

நல்ல பிளீச்சிங் பவுடரில் 33 சதவீத அளவுக்குக் குளோரின் இருக்கும். 1,000 லிட்டருக்கு 150 கிராம் போட்டால், கிருமி நீக்கத்துக்குத் தேவையான லிட்டருக்கு 50 மில்லி கிராம் என்ற செறிவு கிடைக்கும். சம்பின் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6க்கு 5க்கு 5 அடி சம்பு 4,245 லிட்டர் கொள்ளும், அதற்கு ஏறக்குறைய 640 கிராம் வேண்டும். ஆறரை அங்குலப் போரில் ஓர் அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 300 அடிக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 300 கிராம் போதும்.

பவுடரை முதலில் பிளாஸ்டிக் வாளியில் பசையாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். குழாய்களைத் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடி, 12 மணி நேரமாவது அப்படியே விடுங்கள். போரில் இரும்பு இருந்தால் தண்ணீர் செம்பழுப்பாக வரும், ஓடவிட்டால் தெளிந்துவிடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து திறந்த வெளியில் இதைச் செய்யுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் பட்ட வாளியைத் தொடவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். குளோரின் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் வடிக்கக் கூடாது. கழிவைச் செரித்துத் தருவதும் பாக்டீரியாதான், அவை மடிந்தால் டேங்க் கெடும். கண்மாயிலும் வடிக்காதீர்கள், மீன் சாகும்.

மூட்டையைப் பிரித்துவைத்து அள்ளி விற்கும் பவுடரை வாங்க வேண்டாம். வெயிலிலும் ஈரத்திலும் அதன் வீரியம் வேகமாகப் போய்விடும். காற்றுப்புகாத பையில், தயாரித்த தேதி உள்ளதாக வாங்குங்கள். இந்தப் படியிலேயே மிகக் குறைந்த செலவு பவுடருக்குத்தான், தொட்டி கழுவும் கூலிதான் அதிகம்.

இந்தச் சுத்தம் முடிந்த பின் அன்றாடத் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் பொதுவாகப் போதும். குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லி கிராம் வரை குளோரின் மிச்சமிருக்கிறதா என்று குளோரோஸ்கோப்பில் (நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவி) பார்க்கலாம்.

8. அதுவரை குடிப்பதற்கு

தண்ணீர் நன்றாகக் கொதித்துக் குமிழியிடத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் ஈ.கோலையும் காலரா, டைபாய்டுக் கிருமிகளும் மடிந்துவிடும். பலரும் கோட்டை விடுவது அதற்குப் பிறகு. காய்ச்சிய தண்ணீரை வேறு பானைக்கு மாற்றி, அதற்குள் டம்ளரையும் விரலையும் விட்டு மொண்டால் கிருமி மீண்டும் புகும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைத்துச் சாய்த்து ஊற்றுங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரத்தில் வையுங்கள்.

ஆர்.ஓ. கருவி இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. வடிகட்டிய தண்ணீர் குளோரின் இல்லாமல் கருவியின் தொட்டியில் தேங்கும்போது அங்கும் படலம் வளரும். புற ஊதா விளக்கு தெளிந்த தண்ணீரில் மட்டுமே வேலை செய்யும், அதைக் கடந்த பின் பாதுகாப்பு எதையும் விட்டுச் செல்லாது.

9. மறு பரிசோதனை

குளோரின் போட்ட மறுநாளே மாதிரி எடுத்துத் திருப்திப்படாதீர்கள். வாடை முழுக்கப் போய், வழக்கமாகத் தண்ணீரைப் புழங்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுங்கள். அப்போதும் போர் வாயில் ஈ.கோலை வந்தால், கழிவு தொடர்ந்து இறங்குகிறது என்று பொருள். மேலும் மேலும் பவுடர் போடுவதில் பயனில்லை, இரண்டாம் படியில் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு செப்டிக் டேங்க் கசிவைத் தேட வேண்டும்.

நன்றாக வந்த அறிக்கையும் அந்த நாளின் தண்ணீருக்குத்தான் பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன் ஒருமுறையும் மழை முடிந்து தை மாதத்தில் ஒருமுறையும் பாக்டீரியா பரிசோதனை செய்யுங்கள். இடையில் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலோ, வெள்ளநீர் போர் வாயைத் தொட்டாலோ, மோட்டாரைக் கழற்றி மாட்டினாலோ உடனே ஒருமுறை செய்ய வேண்டும். அறிக்கை, கட்டண ரசீது, முத்திரையிட்ட கோரிக்கைக் கடிதம், வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வாடகை வீடானால் உரிமையாளருக்கு ஒரு நகல் கொடுத்து, தொட்டி கழுவும் செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள்.